ஆங்கில வகுப்புக்கு வரும் பெரியவர்களுக்கு ரெஸ்யூமே அடிக்கப் பழக்குவது: எங்கே தொடங்கலாம்?

சனிக்கிழமை_வகுப்பு (ஸ்காபரோ) கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். மார்க்கம் றோட்டும் எக்ளிங்டனும் சந்திக்கும் பக்கத்தில் ஒரு மண்டபத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்பது பேர் வருகிறார்கள். ஏழு பேர் எங்கட ஆட்கள், ஒருவர் எரித்திரியா, ஒருவர் ஆப்கானிஸ்தான். அனேகமானோர் குடியுரிமை எடுத்துவிட்டார்கள், அதனால் புதிதாக வந்தவர்களுக்கு கனடா அரசின் செலவில் நடக்கும் லிங்க் ஆங்கில வகுப்பில் இடமில்லை. பள்ளிக்கூடச் சபை வகுப்புகளுக்குப் போக ஷிப்ட் விடாது. கதைப்பதும் கேட்பதும் கனடாவின் மொழித் தர அளவான சி.எல்.பி.யில் 3, 4 என்ற தொடக்க அளவில் இருக்கிறது.

இப்போது அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை, ரெஸ்யூமே செய்யப் பழக்கிவிடு." முன்பு தொழிற்சாலை வாசலுக்குப் போய், தெரிந்த ஒருவரின் பெயரைச் சொன்னால் வேலை கிடைத்தது. இப்போது துப்புரவு வேலைக்குக்கூட ஒன்லைனில் அனுப்பு என்கிறார்கள்.

கையில் இருப்பது யாரோ தந்த ஐந்து பழைய லப்டொப். ஃபோனில் எல்லாரும் கெட்டிக்காரர். வட்ஸப்பில் குரல் பதிவு, யூடியூப்பில் சமையல், வைபரில் ஊருக்குக் கதை எல்லாம் தடையில்லாமல் நடக்கும். லப்டொப்புக்கு முன்னால் இருத்தினால் விரல் நேரே திரைக்குப் போகிறது. தட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன், அப்போதுதான் என் கேள்வி விளங்கும்.

கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் பல வருடம் சமைத்த அக்கா ஒருவர். எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவது, அரிசி எவ்வளவு என்று ஆங்கிலத்தில் மெதுவாக, பிழையில்லாமல் சொல்கிறார். அதையே அடிக்கச் சொன்னால், "பிள்ளை, இதிலை சின்ன ஏ இல்லையே" என்கிறார். கீபோட்டில் இருப்பது முழுக்கப் பெரிய எழுத்து, அவர் கொப்பியில் எழுதிப் பழகியது சின்ன எழுத்து. பெரிய ஜி-யைத் தட்டினால் திரையில் வேறு வடிவம் வருகிறது. பிழையாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து அழிக்கிறார், மறுபடி தட்டுகிறார், மறுபடி அழிக்கிறார்.

இன்னொருவர் யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில், ஆங்கிலத் தட்டைத் தட்டினால் தமிழ் எழுத்து வரும் பாமினி எழுத்துருவில் அடித்தவர். இப்போதும் 'அம்மா' என்று அடிக்கச் சொன்னால் கீபோட்டைப் பார்க்காமலே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விரல் ஓடுகிறது. ஆங்கிலம் என்றதும் அதே விரல்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகின்றன.

மூன்றாவது, வவுனியாவிலிருந்து கொழும்புக்கு லொறி ஓடிய ஐயா. அவருக்கு மகன் அழகான ரெஸ்யூமே செய்து கொடுத்திருக்கிறான். அதில் இருக்கும் ஆங்கிலம் ஐயாவுக்கு வாசிக்கவே வராது. நேர்முகத்தில் அதிலிருந்து ஒரு வரியைக் காட்டி, இதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது கடதாசியை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தார்.

என் கேள்வி: நானே இருந்து ஒன்பது பேருக்கும் அடித்துக் கொடுத்துவிடலாமா? ஒரு மாதத்தில் முடியும், வேலைக்கும் அனுப்பலாம். அல்லது அவர்களையே செய்யவிட வேண்டுமா? அப்படியென்றால் எதிலிருந்து தொடங்குவது? வேர்டில் வரும் டெம்ப்ளேட் கொடுக்கலாமா?

---

ஓய்வுபெற்ற_லிங்க்_ரீச்சர்:

தங்கச்சி, நாளைக்கு நேர்முகம் என்று ஒருவர் வந்து நின்றால் அடித்துக் கொடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றபடி மவுஸில் உங்கள் கை போகக் கூடாது. நான் பல காலம் இந்த வகுப்புகளை நடத்தியவள். யாரோ செய்து கொடுத்த ரெஸ்யூமே அந்த ஒரு வேலைக்குத்தான் உதவும். அடுத்த வேலை, புது ஃபோன் நம்பர், புது சான்றிதழ் என்று வரும்போது அவர் மறுபடி யாரையாவது தேடிப் போக வேண்டும். தன் பைலைத் தானே தேடித் திறந்து, ஒரு வரியை மாற்றி, தானே அனுப்பத் தெரிகிறதா? உங்கள் வகுப்பின் இலக்கு அதுவாக இருக்கட்டும். ரெஸ்யூமே எவ்வளவு வடிவாக இருக்கிறது என்பது எனக்கு இரண்டாவது.

புது ஆங்கிலத்தையும் புது கொம்பியூட்டர் வேலையையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றாதீர்கள். அடிக்கப் போகும் ஒவ்வொரு வரியும் முதலில் வாயில் வந்து, பிறகு கொப்பியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். விடுதியில் சமைத்த அக்காவிடம் "உங்கள் திறமைகள் என்ன?" என்று கேட்டால் பதில் வராது. "காலையில் போனதும் முதல் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அடுப்பு மூட்டினேன், அரிசி அளந்தேன், புதிதாக வந்த இருவருக்கு வேலை பழக்கினேன், சாமான் கணக்கு எழுதினேன் என்று வரும். அப்படியே தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில், வினையை முன்னுக்கு வைத்து, எண்ணிக்கையோடு எழுதுங்கள். இறந்தகால வினைகள் அந்த இடத்திலேயே படிந்துவிடும், தனி இலக்கணப் பாடம் தேவைப்படாது. அவர் வாயால் சொல்ல முடியாத ஒரு வரிகூடக் கடதாசியில் இருக்கக் கூடாது. லொறி ஐயாவுக்கு நடந்தது இதனால்தான். அவருடைய பழைய ரெஸ்யூமேயை வைத்துவிட்டு, "எத்தனை தொன் ஏற்றினீர்கள், இரவில் ஓடினீர்களா, வண்டி பழுதானால் யார் பார்த்தது" என்று கதையைத் தொடங்குங்கள்.

கீபோட் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். கீபோட் படம் ஒன்றைக் கடதாசியில் பெரிதாக அச்சடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எங்கள் எழுத்தில் பெரியது சின்னது என்ற பிரிவே இல்லை. எரித்திரியாக்காரருக்கும் ஆப்கானிஸ்தான்காரருக்கும் அப்படித்தான். அதனால் ஷிப்ட் தட்டு எதற்கு, கப்ஸ் லொக் எதற்கு என்று ஒரு முழு மணி நேரம் கொடுத்தாலும் தகும். ஈமெயில் முகவரியில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பிரச்சினையில்லை, பாஸ்வேர்ட்டில் அது உயிர். இதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

லப்டொப்பில் இருக்கும் தடவுபலகையை முதலில் தொட வேண்டாம். மலிவான மவுஸ் ஐந்து வாங்குங்கள். இழுத்து விடப் பழக சொலிட்டேர் விளையாட விடுங்கள். விளையாட்டா என்று யாராவது முகம் சுளித்தால், 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு அது வந்தபோதே மவுஸ் பழக அது நல்ல வழியாக இருந்தது என்று சொல்லுங்கள். ஜிசிஎஃப் குளோபல் தளத்தில் மவுஸ் பயிற்சி இலவசமாக இருக்கிறது.

பிறகு வெறும் பக்கம். டெம்ப்ளேட் வேண்டாம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் இருக்கும். ஒரு என்டர் தட்டினால் பாதிப் பக்கம் கீழே குதிக்கும். புதியவருக்கு அதைவிடப் பயம் வேறில்லை. முதல் நாள் பெயர், ஃபோன் நம்பர், ஈமெயில், மூன்றே வரி. பெயரைத் தடிப்பாக்கி நடுவுக்குக் கொண்டு வரட்டும். எதைப் பிழையாகச் செய்தாலும் கன்ட்ரோலும் இசட்டும் தட்டினால் பழையபடி வரும் என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் காட்டுங்கள். அது தெரிந்த பிறகு அவர்கள் தைரியமாகத் தட்டுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

சேமித்தபின் மூடச் சொல்லுங்கள். எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, தாங்களே தேடித் திறக்கட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் போன வாரத்துப் பைலைத் திறப்பதில்தான் வகுப்பு தொடங்க வேண்டும். இடையிடையே "உங்கள் ஃபோன் நம்பர் மாறிவிட்டது, மாற்றுங்கள்" என்று ஒரு பயிற்சி வையுங்கள்.

பாமினி தெரிந்தவரைப் புதியவர்களோடு ஏ, பி, சி தேட விடாதீர்கள். எந்த விரல் எந்தத் தட்டுக்கு என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும், தட்டின் பெயர்தான் மாறியிருக்கிறது. எஃப் தட்டில் 'க', ஜே தட்டில் 'த' என்று அவரே ஒரு அட்டவணை எழுதட்டும். அவருடைய வேகம் சீக்கிரம் திரும்பும். பிறகு உங்களுக்கு ஒரு உதவி ஆசிரியர் கிடைத்துவிடுவார்.

---

கிடங்கு_பிராம்ப்டன்:

வணக்கம்க்கா. நான் மதுரைக்காரன், பிராம்ப்டன்ல ஒரு கிடங்குக்கு ஆள் எடுக்கிற பிரிவில் வேலை பார்க்கிறேன். டீச்சர் சொன்னது எல்லாம் சரி. இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனாக நான் சிலது சேர்க்கிறேன்.

நம்ம ஊர்ப் பழக்கத்தில் ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், மதம், திருமணமானவரா என்பதெல்லாம் போடுவோம். கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்று இடம், தேதி, கையெழுத்தும் வைப்போம். இங்கே அது எதுவும் வேண்டாம். வயது, மதம், குடும்ப நிலையை விண்ணப்பத்தில் கேட்பதையே ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. அப்படியிருக்க நாமாக எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. சின் நம்பரை, அதாவது சமூகக் காப்பீட்டு எண்ணை, கண்டிப்பாகப் போடக் கூடாது. அது வேலை கிடைத்த பிறகு சம்பளக் கணக்குக்குத்தான். முன்கூட்டியே கேட்கிறவர்கள் மோசடிக்காரர்களாக இருக்கலாம் என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

பைல் பெயரைப் பாருங்கள். 'டாக்குமென்ட் 1' என்று ஒரே நாளில் பத்து வந்து விழுந்தால் யாருடையது எது என்று எப்படித் தெரியும்? ஆளின் பெயர்தான் பைலின் பெயராக இருக்க வேண்டும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பட்டும், திருத்துவதற்கு வேர்டு பைல் தனியாக இருக்கட்டும். ஊரிலிருந்து வந்த பைல் என்றால் பக்க அளவு ஏ4 ஆக இருக்கும். இங்கே பிரின்டரில் லெட்டர் தாள்தான், அதை மாற்றச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு பத்தியாகப் பிரிந்த டிசைன் வேண்டவே வேண்டாம். பல கம்பெனிகளில் முதலில் சாஃப்ட்வேர்தான் வாசிக்கிறது, சிலதில் அது இடது பத்தியையும் வலது பத்தியையும் கலந்து கட்டிவிடும்.

ஈமெயில் யாருடையது என்பதும் முக்கியம். மகன் அல்லது மகளுடைய ஈமெயிலைப் போட்டால், நாங்கள் கூப்பிட்டது இவருக்குத் தெரிவதற்குள் இடம் நிரம்பிவிடும். வாய்ஸ்மெயில் நிறைந்து போயிருந்தாலும் அதே கதிதான். ஒருமுறை எல்லாருடைய ஃபோனிலும் அதைத் திறந்து காலி பண்ணச் சொல்லுங்கள்.

கனடா அனுபவம் இல்லையே என்று பலர் கூனிக் குறுகி எழுதுவார்கள். அது நியாயமில்லாத தடை என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்தில் கனடா அனுபவம் வேண்டும் என்று போடவே கூடாது என்பது இந்த மாகாணத்தின் சட்டம். அதனால் விடுதிச் சமையலும் லொறியும் முதல் பக்கத்திலேயே வரட்டும். கிடங்கு வேலைக்கு எனக்குத் தெரிய வேண்டியது எத்தனை பவுண்டு தூக்குவார், எந்த ஷிப்ட் முடியும், ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ் இருக்கிறதா என்பதுதான். அந்த ஐயாவிடம் இந்த மூன்றையும் கேட்டு மேலே எழுதிவிடுங்கள்.

மத்திய அரசின் ஜாப் பேங்க் தளத்தில் ரெஸ்யூமே செய்யும் கருவி இலவசம். கேள்வி கேள்வியாகக் கேட்டு வாங்கும். ஆனால் டீச்சர் சொன்ன வெறும் பக்கப் பயிற்சிக்குப் பிறகு அதைக் காட்டினால்தான் பயன்.

---

மார்க்கம்_றோட்டு_அன்ரி:

பிள்ளை, நான் ரீச்சர் இல்லை. உங்கட வகுப்புக்கு வாறவர்கள் மாதிரி ஒரு ஆள். இதை ஃபோனில் தமிழில் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு இடத்தில் ரெஸ்யூமே செய்து தந்தார்கள். எந்த இடம் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல பிள்ளைகள், சிரித்த முகம். இருபது பிரதி அடித்துக் கையில் தந்தார்கள். பைல் தரவில்லை, நானும் அப்படி ஒன்று இருக்கிறது என்று அறியேன். பிறகு ஃபோன் கொம்பனி மாறி நம்பர் மாறியது. பேனையால் வெட்டிப் புது நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு கடையில் அந்தப் பெண் கடதாசியையும் பார்த்து என்னையும் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை.

பிள்ளைகளிடம் கேட்கலாம்தான். இரவு பதினொரு மணிக்கு வேலையால் வருவார்கள், "அம்மா நாளைக்கு" என்பார்கள். அவர்களில் பிழையில்லை, அவர்களுக்கும் களைப்பு. ஆனால் என் வேலைக்கு நான் ஒவ்வொரு முறையும் காத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

செடர்பிரே நூலகத்தில் கார்ட் இருந்தால் கொம்பியூட்டர் இலவசம். அங்கேதான் பழகினேன். ஒன்றைச் சொல்லுங்கள் பிள்ளை: அங்கே சேமித்துவிட்டு எழும்பி வந்தால் அது அழிந்துவிடும். எழும்ப முதல் உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பவேண்டும், பிறகு ஈமெயிலை மூடி வெளியே வரவேண்டும். இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை.

பைலை ஈமெயிலோடு இணைக்க நல்லாகப் பழக்குங்கள். முதல் முதல் உங்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் கட்டாயம் பதில் போடுங்கள். அனுப்பியது போய்ச் சேர்ந்தது என்று ஒரு மனிசர் சொன்னால்தான் நம்பிக்கை வரும். பிறகு, நாங்கள் ஒரு எழுத்தைத் தேடும்போது பக்கத்தில் நின்று விரலால் காட்டாதீர்கள். தேடி எடுக்க விடுங்கள். நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

---

சனிக்கிழமை_வகுப்பு (ஸ்காபரோ):

அன்ரி, உங்கள் பதிலை இரண்டு தரம் வாசித்தேன். பிரதியோடு பைலும் அவர்களுடைய ஈமெயிலுக்குள் போய்ச் சேரும்வரை யாருக்கும் வகுப்பு முடிந்ததாகக் கணக்கெடுக்க மாட்டேன்.

ரீச்சர், கிடங்கு அண்ணா, நீங்கள் சொன்னபடி போன சனிக்கிழமை லப்டொப்பையே திறக்காமல் "காலையில் போனதும் என்ன செய்தீர்கள்" என்று மட்டும் கேட்டேன். லொறி ஐயா நிறுத்தாமல் கதைத்தார். கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது சாமான் பட்டியலை மூன்று மொழியில் சரிபார்த்தேன் என்றார். அது மகன் செய்த ரெஸ்யூமேயில் எங்கேயும் இல்லை.

இரண்டு கேள்வி மிச்சம். கிளிநொச்சி அக்கா விடுதி வேலைக்குப் பிறகு 2009-இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்திருக்கிறார். அங்கே பொதுச் சமையலில் நின்றிருக்கிறார். "இதையும் எழுதலாமோ, இல்லாட்டி அந்த வருடத்தை விட்டுவிடுவோமோ" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மற்றது ஈமெயில். நாலு பேருக்குப் பிள்ளைகள் திறந்து கொடுத்த கணக்கு இருக்கிறது, பாஸ்வேர்ட் தெரியாது. உள்ளே போகப் பார்த்தால் குறியீட்டு எண் மகனுடைய ஃபோனுக்குப் போகிறது. மகன் வேலையில் நிற்கிறான், வகுப்பு முடிந்துவிடுகிறது.

---

ஓய்வுபெற்ற_லிங்க்_ரீச்சர்:

முகாமை எழுதுவதா இல்லையா என்பதை அக்காதான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் இரண்டு வழியையும் காட்டுங்கள். ரெஸ்யூமே வாழ்க்கை வரலாறு இல்லை, ஒவ்வொரு வருடத்துக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. எழுத விரும்பினால் "சமூகச் சமையலறை, வவுனியா, 2009" என்று ஒரு வரி போதும். முகாம் என்ற சொல்லே வரவேண்டாம். அவ்வளவு நெருக்கடிக்குள் அத்தனை பேருக்குச் சமைத்தவர் எந்தப் பெரிய சமையலறையிலும் நிற்பார். நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே அவரோடு கதைத்துப் பழகுங்கள். கண் கலங்கினால் அன்றைக்கு அதை விட்டுவிட்டு வேறு வரிக்குப் போங்கள். அந்த வரி வேண்டாம் என்று பிறகு அவர் அழித்தாலும் ஒன்றுமில்லை, அழிக்கவும் அவருக்கு இப்போது தெரியும்.

ஈமெயிலுக்கு ஒரு முழு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். முந்திய வாரமே சொல்லி அனுப்புங்கள்: சொந்த ஃபோனைச் சார்ஜ் போட்டுக் கொண்டு வரவேண்டும், அந்த நம்பரை இனி மாற்றுவதாக இருந்தால் முதலில் ஈமெயிலில் மாற்ற வேண்டும். பழைய கணக்கோடு போராடாமல், வேலைக்கென்று தங்கள் பெயரிலேயே புதியது திறக்கட்டும், மீட்பு நம்பராகத் தங்கள் நம்பரையே கொடுக்கட்டும். ஃபோனில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது முதல் எழுத்து தானாகப் பெரிதாகிவிடலாம், ஈமெயில் முகவரிக்குப் பின்னால் ஒரு இடைவெளி தானாக விழலாம். இரண்டையும் பார்க்கப் பழக்குங்கள்; "பாஸ்வேர்ட் பிழை" என்று வரும் அழுகையில் பாதி இதனால்தான். பாஸ்வேர்ட்டை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வீட்டில் வைப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, கைப்பையில் கொண்டு திரியக் கூடாது.

ஜிமெயிலில் இரண்டு படிப் பாதுகாப்பைப் போட்டால், ஃபோன் கையில் இல்லாதபோதும் உள்ளே போகப் பத்து மாற்றுக் குறியீடுகள் எடுக்கலாம், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வேலை செய்யும். அதை அங்கேயே அச்சடித்துக் கொடுங்கள். பாஸ்போர்ட் வைக்கும் உறைக்குள் போடச் சொல்லுங்கள். இரண்டு வருடம் திறக்காமல் விட்ட கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். வேலை கிடைத்த பிறகும் மாதம் ஒருக்கா திறந்து பார்க்கட்டும்.

அச்சகத்தில் அடித்தவர் அட்டவணை எழுதிவிட்டாரா? எழுதியிருந்தால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். மிசிசாகாவில் என் சிநேகிதி ஒருவரின் வகுப்பிலும் பாமினி தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள்.